மெல்லிய மடக்குக் கத்தி: புதிதில் ஏன் இறுக்கம், எப்படிப் பழக்குவது

சுவிஸில் இருந்தோ கட்டாரில் இருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டியில், சொக்லேட்டுக்கும் சென்ற் போத்தலுக்கும் நடுவே இப்போதெல்லாம் ஒரு மெல்லிய மடக்குக் கத்தியும் இருக்கிறது. சாம்பல் நிறப் பிடி, ஒரு விரல் தடிப்பு, பக்கத்தில் ஒரு கிளிப். வாங்கியவர் பெருவிரலால் தள்ளிப் பார்ப்பார். அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சடக்கென்று திறக்கும், இல்லாவிட்டால் நகம் நோகும். "என்ன மனே இது, வடிவாத்தான் இருக்கு, திறக்கத்தான் ஏலாது" என்று சொல்லி அலுமாரிக்குள் போட்டுவிடுவார். அடுத்த மாரி முடிவதற்குள் அது அங்கேயே கிடந்து கறள் பிடித்துவிடும்.

பெரும்பாலும் கத்தியில் குறை இருக்காது. புதிய மடக்குக் கத்தி இறுக்கமாகத்தான் வரும். பாவித்துப் பாவித்துத்தான் பழக்கி எடுக்க வேண்டும். ஆனால் எல்லா இறுக்கமும் ஒரே காரணத்தால் வருவதில்லை. சிலது பாவிக்கும்போது தானாகத் தளரும். சிலதுக்குத் திருகாணியைத் தொட வேண்டும். ஓர் இறுக்கம் கடைசிவரை தளரவே கூடாது, அது உங்கள் தொடையைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது. எது எது என்று பிரித்தறியத் தெரிந்தால் மிச்சம் எல்லாம் சின்ன வேலை.

எந்த இனத்துக் கத்தி இது

பழைய பேனாக்கத்தியில் இருந்து தொடங்குவோம். அதன் முதுகுப் பக்கத்தில் ஓர் உருக்கு வில் இருக்கும். அலகை நகத்தால் இழுத்துத் திறந்தால் அந்த வில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பூட்டுக் கிடையாது. திறக்க இரண்டு கையும் வேண்டும். சுவிஸ் உறவினர்கள் கொண்டுவரும் சிவப்புக் கத்தியும் இந்த இனம்தான். இபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினொக்ஸ். சிவப்புக் கத்தியின் மூல வடிவத்தை அவர் 1897இல் பதிவு செய்தார். சட்டைப் பையில் கொள்ளும் அதன் வழமையான அளவுகளில் இன்றைக்கும் அலகுக்குப் பூட்டு இல்லை.

நவீன மெல்லிய கத்தி வேறு வகை. ஒரு கையால் திறக்கலாம். திறந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். காற்சட்டைப் பையின் ஓரத்தில் கிளிப்பால் நிற்கும். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் கிளிப்பையும், பெருவிரல் வைத்துத் தள்ளுவதற்கு அலகில் ஒரு வட்டத் துளையையும் ஒரே கத்தியில் கொண்டுவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1980களின் தொடக்கத்தில், மைக்கல் வோக்கர் என்ற கத்தி செய்பவர், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று நகர்ந்து வந்து அலகின் அடியைத் தாங்கிப் பிடிக்கும் லைனர் லொக் என்ற பூட்டை இன்றைக்கு நாம் காணும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கத்தி மெலிந்தது அதற்கும் பிந்தித்தான். 2017இல் பெஞ்ச்மேட் வெளியிட்ட பக்அவுட் இதற்கு நல்ல உதாரணம்: அலகின் நீளம் 82 மி.மீ., அலகின் தடிப்பு 2.3 மி.மீ., முழுக் கத்தியும் ஏறக்குறைய 52 கிராம். இப்போது சீனாவில் இருந்து சிவிவி போன்ற பெயர்களில் இதே பாணியில், விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி, ஒழுங்கான கத்திகள் வருகின்றன.

கிளிப் காற்சட்டைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாரன் மடிப்பில் செருகினால் குந்தும்போது கழன்று விழும். சாரனோடு வயலுக்குப் போகிறவர் கத்தியைப் பையில் போடுவதே நல்லது.

அச்சாணியைப் பாருங்கள்

கத்தியைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் அலகைத்தான் பார்ப்பார், கூரை நகத்தில் வைத்துப் பார்ப்பார். நான் முதலில் பார்க்கச் சொல்வது அச்சாணியை. கூர் போனால் வீட்டிலேயே திரும்பத் தீட்டலாம். அச்சாணிப் பகுதி கெட்டுவிட்டால் அந்தக் கத்தி திறக்கவும் மூடவும் உதவாத ஒரு இரும்புத் துண்டு.

அலகின் அடியில் ஒரு துளை, அதனூடாக ஓர் அச்சாணி, இரு பக்கமும் பிடியின் தகடுகள். அலகும் தகடும் நேரடியாக உரசாமல் இருக்க இடையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாஷர்கள், இல்லாவிட்டால் சின்னக் குண்டுகள் அடுக்கிய இரண்டு பேரிங்குகள். வாஷர்கள் பெரும்பாலும் பொஸ்பர் வெண்கலத்தால் ஆனவை. மலிவான கத்திகளில் நைலோன்.

இயந்திரத்தில் வெட்டிய உலோகம் கண்ணுக்கு மினுக்கமாகத் தெரியும். நுணுக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். புதிய கத்தியில் அலகும் வாஷரும் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. திறந்து மூடத் திறந்து மூட அந்த உச்சிகள் தேய்கின்றன, தொடும் பரப்பு அகலுகிறது, எண்ணெய் இடையில் சீராகப் பரவுகிறது. வெண்கலம் உருக்கை விட மென்மை என்பதால் தேய்மானத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் வெண்கலம் போடுகிறார்கள். புதுக் கதவின் பிணைச்சல் முதல் மாதம் முனகிவிட்டுப் பிறகு சத்தம் இல்லாமல் ஆடுகிற மாதிரித்தான் இது. கத்தியைப் பழக்குவது என்பதில் பெரும்பங்கு இந்தத் தேய்மானமே.

பேரிங் கத்தி பெட்டியில் இருந்து எடுத்த உடனேயே வழுக்கிக்கொண்டு திறக்கும். குண்டுகள் உருளுவதால் தேய்ந்து பொருந்த வேண்டிய பரப்புக் குறைவு. கடையில் வைத்துப் பார்க்கும்போது இது பெரிய கவர்ச்சி. ஆனால் குண்டுகளுக்கு இடையே இடைவெளிகள் இருக்கின்றன, அவற்றுக்குள் மணல் போகும். எங்கள் பக்கத்துக்கு வாஷர் கத்தியே பொருத்தம் என்பது என் எண்ணம். காரணத்தை உப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

இறுக்கம் எந்த இடத்தில்?

கத்தியை மெதுவாக, பெருவிரலை எடுக்காமல், முழுவதும் திறந்து மூடுங்கள். எந்த இடத்தில் கை தடைப்படுகிறது என்று கவனியுங்கள்.

முதல் அசைவில் மட்டும் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டியதும் லேசாகப் போகிறதா? அது டிடென்ட். லைனர் லொக் கத்தியில் பூட்டுத் தகட்டின் உட்புறம் கடுகளவு ஒரு உருக்குக் குண்டோ பீங்கான் குண்டோ பதிந்திருக்கும். கத்தி மூடியிருக்கும்போது அந்தக் குண்டு அலகின் அடியில் உள்ள ஒரு சிறு குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பையில் கிடக்கும் கத்தி தானாகத் திறந்துவிடாமல் காப்பது இதுதான். குழியின் விளிம்பு பாவனையில் சற்றே மழுங்கி, கடகடப்புக் குறையும். இறுக்கமே இல்லாமல் போகக் கூடாது. மூடிய கத்தியை அலகு திறக்கும் பக்கம் நிலத்தைப் பார்க்கும்படி பிடித்து, கட்டில் மெத்தைக்கு மேலாக நன்றாக உதறிப் பாருங்கள். அலகு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்க்கும் கத்தியைப் பையில் வைக்க வேண்டாம்.

புதியவர்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடமும் இதுதான். திறக்கவில்லை என்றதும் பிடியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்கும்போது விரல்கள் பூட்டுத் தகட்டின் மேலேயே விழும். விரல் அழுத்த அழுத்தக் குண்டு குழிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். பலம் கூடக் கூடக் கத்தி திறக்க மறுக்கும். விரல்களைப் பூட்டுத் தகட்டில் இருந்து பிடியின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டுத் தள்ளிப் பாருங்கள், பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பிடித் தகடே பூட்டாக வேலை செய்யும் ஃபிரேம் லொக் கத்திகளில் கிளிப் இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் பூட்டு. அங்கே இது இன்னும் மோசம்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இறுகினால் காரணம் அச்சாணித் திருகாணி. தொழிற்சாலையில் கொஞ்சம் கூடுதலாக முறுக்கியிருப்பார்கள். மெல்லிய கத்தியில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் தகடுகள் மெலிவு. சற்றே கூட முறுக்கினாலும் அவை உள்ளே வளைந்து வாஷரைக் கவ்விப் பிடித்துவிடும். நட்சத்திரத் தலைத் திருகாணிக்கு டோர்க்ஸ் அளவு 6 அல்லது 8 முனை வேண்டும். ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை, போன் திருத்தும் கடைகளில் இந்தச் சின்ன முனைகள் இருக்கும். தட்டை ஸ்குரூ ட்ரைவரைச் செருகி நெம்பினால் தலை சிதைந்துவிடும், பிறகு யாராலும் கழற்ற முடியாது.

திருப்பும் அளவு மிகச் சிறியது. ஒரு முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு, அதற்குப் பிறகு திறந்து பார்ப்பது, தேவை என்றால் இன்னும் அவ்வளவு. திறந்த அலகைப் பக்கவாட்டில் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். டக் டக்கென்று ஆடத் தொடங்கினால் தளர்த்தியது கூடிவிட்டது, கொஞ்சம் திரும்ப இறுக்குங்கள். ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது, கை அதைக் கண்டுபிடித்துவிடும். திருகாணி அசையவே மறுத்தால் தொழிற்சாலையில் நீல நிறப் பசை இட்டிருப்பார்கள். முடி உலர்த்தும் இயந்திரத்தால் கொஞ்ச நேரம் சூடு காட்டினால் இளகும்.

டிடென்ட் இறுக்கத்தை அச்சாணி இறுக்கம் என்று நினைத்துத் திருகாணியைத் தளர்த்துபவர்கள் உண்டு. அலகு ஆடத் தொடங்கும், முதல் அசைவோ அப்படியே இறுகியிருக்கும். கெட்டது இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் முதலில் இடம் பாருங்கள் என்றேன்.

பக்அவுட் வகைக் கத்திகளில் கதை சற்று வேறு. அவற்றில் அலகுக்குப் பின்னால் குறுக்காக ஒரு சிறு தண்டு வந்து பூட்டும். பெஞ்ச்மேட் இந்தப் பூட்டை 1998இல் கொண்டுவந்தது. தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் அலகு முழுச் சுதந்திரமாக ஆட வேண்டும். அப்படிப் பிடித்தும் அலகு இறுகி நின்றால் குற்றம் அச்சாணியில்தான். சோதிக்க இதைவிட வசதியான பூட்டு இல்லை.

மூன்றாவது இடம், மூடும் நேரம். நன்றாகத் திறக்கிறது, ஆனால் பூட்டுத் தகட்டைத் தள்ளினால் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது, வரும்போது டிக்கென்று ஒரு சத்தம். பூட்டின் முகமும் அலகின் அடியும் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. டைட்டேனியப் பூட்டில் இது கூடுதலாக இருக்கும், அந்த உலோகம் உருக்கில் உரசும்போது ஒட்டும் குணம் கொண்டது. பென்சில் முனையை அலகின் அடியில், பூட்டு வந்து தொடும் முகத்தில், நாலைந்து தரம் தேய்த்துவிடுங்கள். பென்சில் கரி உலர்ந்த உராய்வு நீக்கி. பெரும்பாலும் அது போதும், பிறகு பாவனையில் தானாகச் சரியாகும். அந்த முகத்தில் எண்ணெய் பூசாதீர்கள். பூட்டு வழுக்கினால் விரல் போய்விடும்.

பழக்கும் வேலை

இதில் வித்தை ஒன்றும் இல்லை. மாலையில் செய்தி பார்த்துக்கொண்டே திறந்து மூடுவதுதான். குழந்தைகள் மடியில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டாம், உதறித் திறக்கும் விளையாட்டு அலகைத் தடுப்பாணியில் மோதவைத்து பூட்டு முகத்தை வீணே தேய்க்கும். பெருவிரலைக் கடைசிவரை கூட்டிச் செல்லுங்கள். கத்தி பழகும் நாட்களில் கையும் பழகிவிடுகிறது, பூட்டை விடுவித்து மூடும்போது எந்த விரலை எப்போது விலக்க வேண்டும் என்பது யோசிக்காமலே வரும். கத்தி இளகியது எவ்வளவு, கை தேறியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நான் பார்த்த அளவில் கையின் பங்குதான் அதிகம்.

சில நாட்களில் அச்சாணி ஓரத்தில் கரிய பசை கசியும். பயப்பட ஒன்றும் இல்லை, தேய்ந்த உலோகத் துகளும் பழைய எண்ணெயும் கலந்தது அது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் இரண்டு துளி விட்டு, கத்தியை அதற்குள்ளேயே திறந்து மூடுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, உதறி, துணியால் ஒற்றி, திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள். முழுதாகக் காய்ந்ததும் அச்சாணியின் இரு பக்கமும் ஒவ்வொரு துளி எண்ணெய். பொங்கி வருவதைத் துடைத்துவிடுங்கள், மிச்ச எண்ணெய் தூசி பிடிக்கும்.

என்ன எண்ணெய்? தையல் மெசின் எண்ணெய் போதும். மெல்லியது, கெட்டுப்போகாது, எந்தக் கடையிலும் கிடைக்கும். வீட்டில் முதலில் கைக்கு வருவது தேங்காயெண்ணெய்தான். மாம்பழம் வெட்டும் அலகில் பூசித் துடைக்க அது நல்லது, ஆனால் அச்சாணிக்குள் விட்டால் நாட்பட்டுப் பிசுபிசுத்து தூசியோடு சேர்ந்து களியாகிவிடும். சீக்கிரம் இளகட்டும் என்று பற்பசையை உள்ளே விட்டுத் தேய்க்கும் கைவைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். பற்பசையில் உள்ள அரைக்கும் தூள் வாஷரைத் தின்னும், கழுவினாலும் முழுக்கப் போகாது.

எழுவான்கரை உப்பு, படுவான்கரைச் சேறு

வெளிநாட்டுக் கையேடுகளில் பழக்குவது பற்றிச் சொல்லியிருப்பவை எல்லாம் வரண்ட, குளிர்ந்த ஊர்களை நினைத்து எழுதியவை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருக்கும் எழுவான்கரையிலோ, வாழைச்சேனை, ஒலுவில் போன்ற கரையோர ஊர்களிலோ இருக்கும் கத்திக்கு முதல் எதிரி உப்பு.

உப்பு ஏன் இவ்வளவு பொல்லாதது? காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றில் இருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரியில் அடுப்படி உப்புச் சிரட்டை நீர் விடுவது அதனால்தான். வாவியில் மீன் வெட்டிவிட்டுத் துணியால் மட்டும் துடைத்த கத்தியின் அச்சாணியில் ஒரு துளி உவர்நீர் காய்ந்து கிடந்தால், அது அலுமாரிக்குள் இருந்துகொண்டே ஒவ்வொரு இரவும் ஈரத்தை இழுக்கும். வெளியே அலகு பளபளக்கும். உள்ளே கறள் ஓடிக்கொண்டிருக்கும்.

'ஸ்டெய்ன்லெஸ்' என்று அலகில் பொறித்திருந்தாலும் இது நடக்கும். குரோமியம் உருக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திக் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைட் அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும், அதனால் ஊசிமுனை அளவு குழிகள் விழும். மலிவு விலை மெல்லிய கத்திகளில் அதிகம் காணப்படும் டி2 உருக்கில் ஏறக்குறைய 12 வீதம் குரோமியம் உண்டு. ஆனால் 1.5 வீதம் அளவு கரியும் (காபன்) இருப்பதால் குரோமியத்தில் ஒரு பெரிய பங்கு அதனோடு சேர்ந்து கடினத் துகள்களாகிவிடுகிறது, காக்கும் வேலைக்கு மிஞ்சுவது குறைவு. கூர் நெடுநாள் நிற்கும், கடற்கரையில் புள்ளி விழும். சுவீடனின் 14சி28என் உருக்கில் கரி ஏறக்குறைய 0.6 வீதம்தான், குரோமியம் 14 வீதம், சிறிது நைதரசனும் சேர்த்திருக்கிறார்கள். எழுவான்கரையில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்வதென்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். கடல் தொழிலுக்கே போகிறவருக்கு எச்1, எல்சி200என் என்ற நைதரசன் உருக்குகள் இருக்கின்றன. அவற்றில் கரியைக் குறைத்து நைதரசன் சேர்த்திருப்பதால் உப்பு நீரிலும் கறள் பிடிப்பது அபூர்வம். விலை கூட.

அலகு நல்ல உருக்கு என்றாலும் பேரிங் குண்டுகளும் கிளிப் திருகாணிகளும் வேறு உருக்கு. முதலில் பழுப்பது அவைதான். நான் வாஷர் பக்கம் நிற்பதற்கு இது ஒரு காரணம்: வெண்கலத்தில் கறள் வராது.

கடல் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரையோர வீடுகள் பலவற்றில் கிணற்றுத் தண்ணீரே உவர். அப்படியென்றால் குழாய் நீர். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலும் சம்மாந்துறை வயல்களிலும் எதிரி வேறு. சேறு காய்ந்து நுண்மணலாக உள்ளே போகிறது. அறுவடை நேரத்து உமித் தூசி அதைவிட மோசம், உமியில் சிலிக்கா நிறைய. சிலிக்கா என்பது மணலின் பொருளேதான். அது எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசை. வயலுக்குக் கொண்டுபோகும் கத்தியில் எண்ணெய் மிகக் குறைவாக இருப்பதே நல்லது. திறக்கும்போது கறுமுறுவென்று சத்தம் கேட்டால் அன்றைக்குத் திறந்து மூடுவதை நிறுத்திவிட்டு முதலில் கழுவுங்கள். பேரிங்கில் புகுந்த மணல் கழுவினாலும் லேசில் வராது.

மரப்பிடிக் கத்திகளுக்கும் ஒரு சொல். பிரான்ஸின் ஒபினெல் மெலிவானது, மலிவானது, 8ஆம் இலக்கத்தின் அலகு 8.5 செ.மீ. ஆனால் அதன் பீச் மரப் பிடி ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். கார்த்திகையில் திறக்காத கத்தி கச்சான் காற்று வீசும் மாதங்களில் தானாக இளகும். அது பழக்கம் அல்ல, பருவம். ஒபினெல் வாங்கினால் கரியுருக்கு அலகை விட்டுவிட்டு இனொக்ஸ் என்று பொறித்ததை எடுங்கள்.

கூரும் பழக வேண்டும்

தொழிற்சாலைக் கூர் சில வேளை ஏமாற்றும். முதல் நாள் தாளைச் சர்ரென்று கிழிக்கும், ஒரு வாரத்தில் உரப்பை வாய் கட்டிய நூலை வெட்டத் தடுமாறும். வேகமாகச் சுழலும் பட்டியில் தீட்டும்போது வாயின் நுனி சூடேறி அதன் கடினம் கொஞ்சம் குறைந்துவிடுவதும், மெல்லிய பிசிர் அப்படியே நின்றுவிடுவதும் காரணங்கள். ஒன்றிரண்டு தரம் கல்லில் தீட்டி அந்த நுனியை நீக்கிய பிறகுதான் உருக்கின் உண்மைத் தரம் தெரியும். ஆகவே முதல் வாரக் கூரை வைத்துக் கத்தியைத் தீர்மானிக்காதீர்கள்.

1000 இலக்க நீர்க்கல் ஒன்று போதும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை சாய்வு. அளக்க வழி: அலகின் அகலம் 20 மி.மீ. என்றால் அதன் முதுகைக் கல்லில் இருந்து 6 மி.மீ. உயர்த்திப் பிடியுங்கள், ஏறக்குறைய 17 பாகை வரும். வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் நிறம் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நிறம் நுனி வரை அழிந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் நகத்தில் தட்டுப்படும் பிசிர் எழும், அது முழு நீளத்துக்கும் எழுந்த பிறகே மறுபக்கம் திருப்புங்கள். கல் இல்லாத நேரத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியில் மினுக்கம் பூசாத வளையத்தில் தீட்டலாம். நன்றாக வேலை செய்யும்.

தெருவில் சக்கரச் சாணை கொண்டுவருபவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். கொடுவாக்கத்திக்கும் தாக்கத்திக்கும் அவர் கை நல்ல கை. 2 மி.மீ. தடிப்பு அலகு அந்தச் சக்கரத்தில் சில நொடியில் நீலம் பாரித்துவிடும், நீலம் வந்த இடத்தில் கூர் நிற்காது.

எதை வெட்டலாம்? தங்கூசி, சணல் கயிறு, உரப்பை, பழம், காட்போர்ட் பெட்டி. காட்போர்ட்டில் தாதுத் துகள்கள் இருப்பதால் கூரை அது சீக்கிரம் தின்னும், அவ்வளவுதான். இளநீர் சீவுவது, தகர மூடி நெம்புவது, சிப்பி திறப்பது இவற்றுக்கு இது கத்தியே அல்ல. மெலிந்த நுனி உடையும், அச்சாணி ஆட்டம் கண்டுவிடும். பச்சைக் கஜுக்கொட்டையை இதால் பிளக்கவே கூடாது. கோதில் உள்ள எண்ணெய் கையைப் பொக்களிக்க வைப்பதோடு அச்சாணிக்குள்ளும் போய்ப் பிசினாகும்.

கொண்டுதிரிவது பற்றிச் சுருக்கமாக. சோதனைச் சாவடிக் காலத்தைப் பார்த்த ஊர் இது, 2019 சித்திரைக் குண்டுவெடிப்பையும் பார்த்த ஊர். கூட்டத்தில் ஒரு கையால் சடக்கென்று கத்தி திறந்தால் பக்கத்தில் நிற்பவர் திடுக்கிடுவார், அவரில் பிழை இல்லை. வேலைக்குப் போகும்போது வேலைப் பைக்குள் இருக்கட்டும். நீதிமன்றம், பாடசாலை, ஆஸ்பத்திரி, திருவிழா, தேர்தல் கூட்டம் என்றால் வீட்டில். விமானத்தில் கைப்பைக்குள் வைக்க முடியாது. ஒருவருக்குக் கொடுக்கும்போது மூடிக் கொடுங்கள்.

கடைசியாக, எவ்வளவு பழக்கினாலும் திருந்தாத கத்திகளும் உண்டு. லைனர் லொக்கில் பூட்டுத் தகடு அலகின் அடிமுகத்தில் குறைந்தது நாலில் ஒரு பங்காவது ஏறி நிற்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றாலோ, புதிதிலேயே மறுபக்கத் தகடு வரை ஓடிப்போய் நின்றாலோ அது குறை. திறந்து பூட்டிய அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்தும்போது, விரல்கள் அலகின் வழியில் இல்லாதபடி பிடித்துக்கொண்டுதான், பூட்டு நழுவினால் அதுவும் குறை. அச்சாணியைச் சரியாக இறுக்கிய பிறகும் அலகு மேலும் கீழும் ஆடினால் அதைத் திருகாணியால் திருத்த முடியாது. இப்படிப்பட்ட கத்தியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். உரிமையாளர் கழற்றிய கத்திக்குச் சில நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை.